நைசியா பொதுச்சங்கம் (கி.பி. 325)

இன்று துருக்கியில் இஸ்னிக் என்று அழைக்கப்படும் ஏரிக்கரைச் சிற்றூரே பழைய நைசியா. கி.பி. 325-இல் உரோமைப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் அழைப்பை ஏற்று ஆயர்கள் இங்கே கூடினர். கிறித்தவத் திருச்சபையின் முதல் பொதுச்சங்கம் இதுவே. வந்தவர்கள் 318 பேர் என்பது மரபு. ஆபிரகாமின் வீட்டு ஆட்கள் 318 பேர் என்று தொடக்கநூல் கூறுவதை ஒட்டியே இந்த எண் நிலைத்தது எனலாம். பெரும்பாலோர் கிழக்குப் பகுதியினர். உரோமை ஆயர் சில்வெஸ்தர் தாம் வராமல் குருக்கள் இருவரை அனுப்பினார்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான், 303-இல், தியோக்கிளேசியன் ஆட்சியில் கோவில்கள் இடிக்கப்பட்டு மறைநூல்கள் எரிக்கப்பட்டிருந்தன. அந்தத் துன்புறுத்தலின் தழும்புகளைச் சுமந்த ஆயர்கள் இப்போது அரசாங்கச் செலவில், அரசாங்க வண்டிகளில் வந்து இறங்கினார்கள். பேரரசர் அவர்கள் நடுவே அமர்ந்தார். இந்த மாற்றத்தின் வேகத்தை மறந்துவிட்டால் சங்கத்தில் நடந்தவை விளங்கா.

சிக்கல் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் தொடங்கியது. ஆரியுஸ் என்னும் மூத்த குரு, கடவுள் ஒருவரே தொடக்கமற்றவர் என்றார். மகனாகிய கிறிஸ்து எல்லாப் படைப்புகளுக்கும் மேலானவர்; ஆயினும் அவரும் தந்தையால் உண்டாக்கப்பட்டவரே, அவர் இல்லாத நிலை ஒன்று இருந்தது என்பது அவர் போதனை. ஆயர் அலெக்சாந்தர் இதை மறுத்தார். முதலில் கான்ஸ்டன்டைனுக்கு இது அற்பமான சொற்போராகவே தோன்றியது. இருவரும் சமாதானமாகும்படி கடிதம் எழுதினார். ஆனால் கிறித்தவர்களுக்கு இது அற்பமானதன்று. தந்தை, மகன், தூய ஆவி பெயரால் திருமுழுக்குக் கொடுத்தார்கள், இயேசுவை வணங்கினார்கள். அவர் படைப்பு என்றால் அந்த வணக்கம் சிலைவழிபாட்டிலிருந்து எவ்வாறு வேறுபடும்? படைக்கப்பட்ட ஒருவர் மனிதரைக் கடவுளோடு இணைக்க முடியுமா? மறுபுறம், இருவரும் முழுக்கடவுள் என்றால் கடவுள் ஒருவரே என்ற நம்பிக்கை என்னாவது? ஆரியுசின் அச்சமும் வெற்று அச்சமல்ல.

சங்கம் 'ஹோமோஊசியோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லை நம்பிக்கை அறிக்கையில் சேர்த்தது. தமிழ்க் கத்தோலிக்கர் இதை 'ஒரே பொருளானவர்' என்கின்றனர். தமிழில் 'பொருள்' அர்த்தத்தையும் செல்வத்தையும்கூடக் குறிப்பதால், விளக்கமின்றி இச்சொல் புரிவது கடினம். தந்தை எதுவாக இருக்கிறாரோ அதுவாகவே மகனும் இருக்கிறார் என்பதே கருத்து. விவிலியத்தில் இல்லாத சொல் என்று பலர் தயங்கினர். செசரியா ஆயர் யூசேபியு கையெழுத்திட்டுவிட்டு, தம் மக்களுக்கு நீண்ட விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. லிபியாவைச் சேர்ந்த தியோனாஸ், செக்குந்துஸ் என்ற இரு ஆயர்கள் இறுதிவரை மறுத்து ஆரியுசுடன் நாடு கடத்தப்பட்டனர். நம்பிக்கை வேறுபாட்டுக்கு அரசு தண்டனை வழங்கும் வழக்கம் இங்கே வேர்விட்டது.

சண்டை அதோடு முடியவில்லை. சில ஆண்டுகளில் ஆரியுஸ் திரும்ப அழைக்கப்பட்டார். அலெக்சாந்தருக்குப் பின் ஆயரான அத்தனாசியு, நைசியாவைக் காத்ததற்காக ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். 337-இல் மரணப்படுக்கையில் கான்ஸ்டன்டைனுக்குத் திருமுழுக்குக் கொடுத்தவரே ஆரியுசின் ஆதரவாளரான நிக்கொமேதியா ஆயர் யூசேபியுதான்! 381-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய இரண்டாம் பொதுச்சங்கத்தோடுதான் பேரரசுக்குள் நைசியாவின் கொள்கை நிலைபெற்றது. இன்று ஞாயிறு திருப்பலியில் சொல்லப்படும் 'நைசியா நம்பிக்கை அறிக்கை' அந்தப் பிந்தைய வடிவமே. பேரரசுக்கு வெளியே கோத் இனத்தவரிடையே ஆரியுசின் மரபு தழைத்தது. ஸ்பெயினில் அவர்கள் அதைக் கைவிட்டது 589-இல்.

திருச்சபை நடைமுறைகளுக்காகவும் சங்கம் 20 விதிகளை வகுத்தது. அவற்றுள் ஒன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் பாஸ்கா காலத்திலும் முழந்தாளிடாமல் நின்றே வேண்ட வேண்டும் என்கிறது. அவை உயிர்ப்பின் நாள்கள் அல்லவா! உயிர்ப்புப் பெருவிழாவை யூதர்களின் கணக்கைச் சாராமல் எல்லாச் சபைகளும் ஒரே நாளில் கொண்டாடவும் முடிவாயிற்று. ஆனால் 1582 முதல் மேற்குலகம் கிரகோரியன் நாள்காட்டிக்கு மாறத் தொடங்கியபின் கிழக்கும் மேற்கும் பெரும்பாலும் வெவ்வேறு ஞாயிறுகளில் அதைக் கொண்டாடுகின்றன. சங்கத்தின் 1700-ஆம் ஆண்டான 2025-இல் இரு கணக்குகளும் ஏப்ரல் 20-இல் ஒன்றாக வந்தன.