வன்னிமேற் சென்ற நிழல்

1871ஆம் ஆண்டு திசம்பர் 12ஆம் நாள் முழு ஞாயிற்று மறைப்பின் நிழல் தென்னிந்தியாவைக் கடந்து, யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிநிலத்தினூடே திருகோணமலை வரை சென்றது. ஆங்கில வானநூலறிஞர் லொக்கியர் மலையாளக் கரையிலுள்ள பேக்கலில் நின்றார். அவர்தங் குழுவினர் சிலர் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் காத்திருந்தனர். ஞாயிற்றைச் சூழ்ந்த ஒளிமுடியின் இயல்பு யாது என்பதே அவர்தம் வினா. மறைப்பு முழுமையுறும் சில நிமிடங்களன்றி அதனைக் காணும் வாய்ப்பு அக்காலத்தில் இல்லை. முகிலொன்று குறுக்கிடின் முயற்சியெல்லாம் வீணாகும். அன்று நீலகிரியில் நின்ற பிரெஞ்சு அறிஞர் சான்சன், ஒளிமுடியின் நிறமாலையிற் கருங்கோடுகளைக் கண்டு, ஞாயிற்றின் ஒளியே அங்குச் சிதறி வருகின்றது என நிறுவினார்.

2019ஆம் ஆண்டு திசம்பர் 26இற் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தோன்றியது கங்கண மறைப்பு. எஞ்சிய ஒளிவளையத்தின் பேரொளியில் ஒளிமுடி புலப்படவில்லை. ஆயின், 1995இல் ஏவப்பட்ட சோகோ என்னும் விண்கலம், ஞாயிற்று வட்டத்தைத் தகட்டினால் மறைத்து, அவ்வேளையிலும் ஒளிமுடியை நோக்கிக்கொண்டிருந்தது. 2023இற் சிறீகரிக்கோட்டாவிலிருந்து சென்ற ஆதித்யா எல்1 கலமும், புவியினின்று 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில் நின்று அப்பணியை மேற்கொண்டது.

திங்கள் சில நிமிடம் செய்த தொழிலைச் சிறு தகடொன்று நாள்தோறும் செய்யலாயிற்று. அன்று கருவிகள் வன்னியின் இருமருங்கும் நின்றன. சோகோ எடுத்த படங்களோ உலகுக்குப் பொதுவாயின. வன்னியிலுள்ள மாணவனும் அவற்றை ஆராயலாம். அதற்கு நிழல் வரும் நாளை எதிர்நோக்க வேண்டுவதில்லை.