சிம்பன்சியின் தூரிகையும் கலையின் தோற்றமும்

தண்ணீரூற்றிலே குரங்கைப் பற்றிப் பேச்செழுந்தால் அது மாமரத்தையும் ஓட்டுக்கூரையையும் சுற்றியே நிற்கும். அழகுணர்ச்சியை எவரும் அதனோடு தொடர்புபடுத்தார். ஆயினும் வன்னித் தோட்டங்களிற் புகும் செந்நிறக் குரங்கின் உறவினமாகிய ரீசஸ் குரங்கினை 1970களின் தொடக்கத்தில் ஆராய்ந்த நிக்கொலஸ் ஹம்ப்ரி, அது செவ்வொளியைத் தவிர்த்து நீலவொளியை நாடுவதைக் கண்டார். நிறத்தைத் தெரிந்து விரும்புதல் மனிதனுக்கே உரிய தன்மையன்று.

உழைப்பே கலையை ஈன்றது என நாம் நெடுங்காலம் எழுதிவந்துள்ளோம். சிம்பன்சி பற்றிய ஆய்வுகள் இக்கூற்றைச் சோதனைக்குள்ளாக்குகின்றன. மொஸ்கோவில் நதேஷ்தா கோட்ஸ் 1913 முதல் 1916 வரை வளர்த்த ஜோனி என்ற சிம்பன்சி தாளிற் கோடு கிறுக்கியது. ஷில்லர் ஆராய்ந்த அல்பா என்ற சிம்பன்சி, தாளின் ஒருபுறம் உருவமிருப்பின் மறுபுறம் கோடிட்டுச் சமன்செய்ததாக 1951இல் வெளியான கட்டுரை கூறியது. (1973இல் சிமித் இதனை மறுத்தார், கை இயல்பாகவே நடுவெளியை நாடுகிறது என்பது அவர் வாதம். இம்மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று.) டெஸ்மண்ட் மொறிஸ் பயிற்றிய கொங்கோ ஏறத்தாழ நானூறு படங்கள் தீட்டியது. இடையிலே தாளைப் பறித்தால் சினங்கொண்டது. தானே முடித்தபின் தொடர மறுத்தது. மொறிஸ் கூறும் இன்னொரு செய்தி நமக்கு முக்கியமானது: படத்துக்குத் தீனியைக் கூலியாகக் கொடுத்தபோது ஒரு சிம்பன்சி அவசரமாகச் சில கோடுகளை இழுத்துவிட்டுக் கையை நீட்டிற்று. கூலி புகுந்ததும் ஈடுபாடு மறைந்தது.

ஆக, உழைப்பின் தேவையின்றியும் கோடிடும் இன்பம் உண்டு. மறுபுறம், குச்சியை இலை நீக்கிக் கறையான் பிடிக்கும் கருவியாக்கும் சிம்பன்சிகளை 1960இல் ஜேன் குடோல் கொம்பேயிற் கண்டார். அத்தகைய காட்டுச் சிம்பன்சிகள் படம் வரைவதாக அறியப்படவில்லை. கருவி உண்டு, ஓவியம் இல்லை. ஓவியம் உண்டாயின் தூரிகையை மனிதனே கொடுத்திருக்கிறான். உழைப்பு மட்டுமே போதிய விளக்கமாகாது. ஒருவர் வரைந்ததை மற்றவர் பார்த்துப் பொருள்கொள்ளும் சமூகத்தையும் நாம் கணக்கிலெடுத்தல் வேண்டும். சிம்பன்சியோ முடிந்த படத்தில் அக்கறை காட்டுவது அரிது. அதனைச் சுற்றிக் கூடும் கூட்டமும் அதற்கில்லை.

பார்வையாளர் மனிதரே. 1957இல் இலண்டனிற் கொங்கோவின் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஒன்றைப் பிக்காசோ வைத்திருந்தார். கொங்கோ 1964இற் காசநோயால் இறந்தது. 2005இல் அதன் மூன்று படங்கள் இலண்டன் ஏலத்தில் 14,400 பவுணுக்கு விலைபோயின.