கண்ணாடியும் மாசும்

ஒளியைக் கொண்டு செய்தி அனுப்பலாம் என்னும் எண்ணம் பழையது; ஒளியை நெடுந்தொலைவு ஏந்திச் செல்லும் பொருள்தான் கிடைக்கவில்லை. 1960-களின் நடுவில், கண்ணாடி இழையுள் புகுந்த ஒளி ஏறத்தாழ 20 மீட்டருக்குள் நூற்றில் ஒரு பங்காகத் தேய்ந்தது. கண்ணாடி இதற்கு உதவாது என்றே பலர் கருதினர்.

1966-இல், இங்கிலாந்தில் பணியாற்றிய சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் வேறு முடிவு கண்டனர். ஒளியை விழுங்குவது கண்ணாடியன்று. அதில் கலந்துள்ள இரும்பு முதலிய மாசுகளே. ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூற்றில் ஒரு பங்கு எஞ்சினாலே தொலைபேசிக்குப் போதும் என்றனர்.

1970-இல், அமெரிக்காவில் கார்னிங் நிறுவனத்தார் சமைத்த சிலிக்கா இழையில் ஐம்பதில் ஒரு பங்கே எஞ்சியது. 2009-இல் காவோ நோபல் பரிசு பெற்றார். இன்று கடலடியில் கண்டங்களை இணைப்பவை அத்தகைய இழைகளே. பொருளைப் பழிக்குமுன் அதன் மாசை ஆராய்ந்ததன் பயன் இது.