ஆசானை விஞ்சிய மாணாக்கன்: பிரிட்டிஷ் மோட்டார்த் தொழிலின் ஏற்றமும் இறக்கமும்

நான் சிறுவனாயிருந்த 1970ஆம் ஆண்டுகளில் எங்கள் தோட்டத்தில் மோட்டார்க் கார் வைத்திருந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். பெரிய கிராணியார் வீட்டு வாசலில் ஒரு மோரிஸ் மைனர் நிற்கும். ஞாயிறுதோறும் அவர் அதைக் கழுவித் துடைப்பதைப் பார்க்கப் பிள்ளைகள் கூட்டமாகப் போய் நிற்போம். "சீமைக் கார்" என்பார்கள் பெரியவர்கள். அச்சொல்லிலேயே ஒரு மதிப்பு ஒலிக்கும். சில ஆண்டுகளுக்குப் பின் அதே வாசலில் ஜப்பானிய டாட்சன் ஒன்று நின்றது. தோட்டத்தில் எவரும் அதைப் பெரிய செய்தியாகக் கருதவில்லை. ஒரு பேரரசின் பெருந்தொழில் சரிந்த கதையின் சிறு காட்சி அது என்பதைப் பின்னாளில் வரலாறு பயின்றபோதே உணர்ந்தேன்.

முதலிடத்தில் பிரிட்டன்

1950இல் உலகில் வேறெந்த நாட்டைவிடவும் மிகுதியான மோட்டார் வண்டிகளை ஏற்றுமதி செய்த நாடு பிரிட்டன். போரில் ஜெர்மனியின் தொழிற்சாலைகளும் ஜப்பானின் தொழிற்சாலைகளும் சிதைந்து கிடந்தன. அமெரிக்க வண்டிகளை வாங்கப் பல நாடுகளிடம் டாலர் இல்லை. போர்க்கடனில் மூழ்கிய பிரிட்டிஷ் அரசோ, வெளிநாடுகளுக்கு விற்பவர்களுக்கே எஃகு என்று வரையறுத்தது. ஆகவே மலாயா, ஆஸ்திரேலியா, இந்தியா எங்கும் ஆஸ்டின், மோரிஸ், ஹில்மன் வண்டிகள் ஓடின. அவை நல்ல வண்டிகளே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவை விற்றதற்குத் தரம் மட்டும் காரணமன்று. வாங்குவோருக்கு வேறு வழியில்லாமையும் ஒரு காரணம். இவ்வுண்மையை விற்றவர்கள் மறந்தார்கள். பின்வந்த துன்பங்களுக்கெல்லாம் அம்மறதியே வித்து.

பாடம் கேட்க வந்தவர்கள்

பர்மிங்ஹாமை அடுத்த லாங்பிரிட்ஜில், கைவிடப்பட்ட ஓர் அச்சகக் கட்டடத்தில், ஹெர்பர்ட் ஆஸ்டின் 1905இல் தம் தொழிற்சாலையைத் தொடங்கினார். 1922இல் அவர் வெளியிட்ட சிறு கார் 'ஆஸ்டின் செவன்' நடுத்தரக் குடும்பங்களுக்கும் கார் எட்டும்படி செய்தது. அதை ஜெர்மனியில் உரிமம் பெற்றுச் செய்துவந்த ஒரு தொழிற்சாலையை 1928இல் பிஎம்டபிள்யூ வாங்கிற்று. அந்நிறுவனம் கார்த் தொழிலில் அடியெடுத்து வைத்ததே ஆஸ்டினின் வடிவத்தைக் கொண்டுதான்.

இரண்டாம் மாணாக்கன் ஜப்பானிலிருந்து வந்தான். 1952 டிசம்பரில் நிசான் நிறுவனம் ஆஸ்டினுடன் ஏழாண்டு உடன்படிக்கை செய்துகொண்டது. முதலில் இங்கிலாந்திலிருந்து வரும் உறுப்புகளைப் பூட்டி ஆஸ்டின் ஏ40 வண்டிகளைச் செய்வது. பின்னர் மூன்றாண்டுகளுக்குள் எல்லா உறுப்புகளையும் ஜப்பானிலேயே செய்யக் கற்பது. இதுவே ஏற்பாடு. உரிமக் கட்டணம் கிடைத்ததில் ஆஸ்டினுக்கு மகிழ்ச்சி. நிசான் குறித்த காலத்திற்குள் அனைத்தையும் கற்றது. ஆஸ்டினின் எஞ்சினையே அளவு குறைத்து 988 சி.சி. எஞ்சினாக்கி, 1957இல் தன் டாட்சன் வண்டியில் பொருத்தியது. 1958இல் ஆஸ்திரேலியாவைச் சுற்றி நடந்த கடும் பந்தயத்தில் அவ்வண்டி தன் வகுப்பில் வென்றது.

ஆசான் செய்தது என்ன?

அக்காலத்தில் ஆசான் என்ன செய்துகொண்டிருந்தார்? 1952இல் ஆஸ்டினும் மோரிசும் ஒன்றாயின, ஆனால் பெயரளவில்தான். 1959இல் வெளிவந்த மினி ஓர் அரிய படைப்பு. எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சக்கரங்களை இயக்கிய அதன் அமைப்பைப் பிற்காலத்தில் உலகமே பின்பற்றியது. அத்தகைய வண்டியை ஆஸ்டின் என்றொரு பெயரிலும் மோரிஸ் என்றொரு பெயரிலும் ஒரே நிறுவனம் விற்று, தன் வணிகர்களையே ஒருவரோடொருவர் போட்டியிட வைத்தது. அதன் விலை 496 பவுன். போட்டியாளரான ஃபோர்டு நிறுவனத்தார் ஒரு மினியை வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிக் கணக்கிட்டு, ஒவ்வொரு வண்டியிலும் ஏறத்தாழ 30 பவுன் நட்டம் என்று முடிவு கட்டினர். அறிவு இருந்தது; கணக்கு இல்லை.

1968இல் பல நிறுவனங்கள் இணைந்து பிரிட்டிஷ் லேலண்ட் உருவாயிற்று. வேலைநிறுத்தங்கள் தொடர்ந்தன, தரம் தாழ்ந்தது, 1975இல் அரசே அதை ஏற்கவேண்டியதாயிற்று. ஜப்பானிய வண்டிகள் பிரிட்டிஷ் சந்தையில் ஏறத்தாழ 11 விழுக்காட்டைத் தாண்டாதபடி இரு நாட்டுத் தொழில் சங்கங்களும் பேசி வைத்துக்கொண்டன. வேலி போட்டும் பயிர் தேறவில்லை. 1972இல் 19 இலட்சத்திற்கு மேலிருந்த பிரிட்டனின் ஆண்டுக் கார் உற்பத்தி, 1982இல் 9 இலட்சத்திற்கும் கீழே இறங்கியது. 1981இல் வந்த 'டிரயம்ப் அக்ளெய்ம்' ஹோண்டாவின் வடிவமே. ஆசான் மாணாக்கனின் நாட்டிடம் பாடம் கேட்கும் நிலை வந்தது.

குற்றம் யாருடையது?

"தொழிலாளர் சோம்பேறிகள், அவர்களால்தான் கெட்டது" என்று பலர் எளிதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அத்தீர்ப்பு முழு உண்மையன்று என்பதற்கு நிசானே சான்று தந்தது. கப்பல் கட்டுதலும் நிலக்கரியும் நலிந்து வேலையின்மை மலிந்திருந்த சண்டர்லாந்தில் 1986இல் அது ஒரு தொழிற்சாலை திறந்தது. மேற்பார்வையாளர்களை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்றுவித்தது. அங்கே உழைத்தவர்களும் பிரிட்டிஷ் தொழிலாளரே. அவர்கள் செய்த வண்டிகள் தரத்தால் பெயர் பெற்றன. மனிதர் அவர்களே, நடத்திய முறை வேறு.

லேலண்டின் வழிவந்த ரோவர் நிறுவனத்தை 1994இல் வாங்கியது பிஎம்டபிள்யூ, அதாவது அந்தப் பழைய ஜெர்மன் மாணாக்கன். ஆறாண்டு நட்டப்பட்டு, 2000இல் பத்துப் பவுனுக்குக் கைகழுவியது. 2005 ஏப்ரலில் அந்நிறுவனம் முறிந்தது. ஏறத்தாழ 6,000 பேர் வேலையிழந்தனர். தகப்பனும் மகனும் ஒரே கூரையின்கீழ் உழைத்த குடும்பங்கள் லாங்பிரிட்ஜில் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பிறந்த லயத்தைவிட்டு மூட்டை கட்டிய நம்மவர்க்கு அத்துயரை விளக்க வேண்டியதில்லை.

நமக்கு உரிய பாடம்

வென்ற மாணாக்கனும் நிலைத்தானா? 1999இல் கடனில் சிக்கிய நிசான், பிரெஞ்சு ரெனோவிடம் கைநீட்ட நேர்ந்தது. நம் புரோட்டோனும் 1985இல் மிட்சுபிஷியிடம் கற்று, வரி வேலிக்குள் வளர்ந்தது. 2017இல் தன் பங்குகளில் 49.9 விழுக்காட்டைச் சீனாவின் ஜீலிக்கு விற்றது. சந்தை கைக்குள் இருக்கும் காலமே கற்பதற்குரிய காலம். அப்போது கற்காதவர் பின்னர் நெருக்கடியில் கற்கவேண்டியதாகிறது.

ஆசிரியர்களாகிய நாம் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். ஆஸ்டின் கற்பித்ததில் தவறில்லை; கற்பிப்பவன் கற்பதை நிறுத்தியதே தவறு. தோட்டத்தில் வேறு பள்ளி இல்லாத காலத்தில் பிள்ளைகள் நம் பள்ளிக்கே வந்தார்கள். இன்று பெற்றோர் பல பள்ளிகளை எடைபோட்டுப் பார்க்கிறார்கள். அவர்களைக் குறைகூறுவதால் பயனில்லை. தோண்டத் தோண்டக் கேணி ஊறும் என்று வகுப்பில் சொல்கிறோம். தோண்டாத கேணி தூர்ந்துபோகும் என்பதை நமக்கு நாமே சொல்லிக்கொள்வோமாக.