குரலால் அறியப்பட்ட குருவிகள்

பறவையைக் கண்ணால் கண்டு அறிவதே முறை என எண்ணுகிறோம். இலைச்செறிவில் மறைந்து வாழும் சிறு குருவிகளுக்கு அம்முறை போதாது. அவற்றைப் பிரித்தறியக் குரலே உற்ற துணை என்று உணர்த்திய முன்னோடிகளுள் ஒருவர், இங்கிலாந்தின் செல்போர்ன் சிற்றூரில் வாழ்ந்த ஆங்கிலிக்கன் குரு கில்பர்ட் ஒயிட் (1720–1793).

பசுமையும் மஞ்சளும் கலந்த சின்னஞ்சிறு கதிர்க்குருவிகள் கோடைதோறும் அங்கு வரும். உருவ ஒற்றுமையால் அவை அனைத்திற்கும் ஒரே பெயர் வழங்கிற்று. ஒயிட் பல பருவங்கள் பொறுமையுடன் செவிமடுத்தார். ஒன்று இரண்டே சுரங்களைத் திரும்பத் திரும்ப ஒலித்தது. மற்றொன்றின் இசை மேலிருந்து மெல்லக் கீழிறங்கியது. மூன்றாவது, உயர்ந்த மரங்களின் உச்சியில் வெட்டுக்கிளிபோல் அதிர்ந்தது. பின்னர் உடல்களையும் ஒப்பிட்டு, இவை மூன்று தனி இனங்கள் என 1768 ஆகஸ்டில் தாமஸ் பென்னன்ட் என்னும் அறிஞருக்கு மடல் வரைந்தார். அம்மடல்கள் 1789-இல் நூலாயின.

அதே பென்னன்ட்தான் 1769-இல், இலங்கையின் டச்சு ஆளுநராயிருந்த லோட்டன் தீட்டுவித்த ஓவியங்களைக் கொண்டு, நம் தையல்சிட்டுக்கு அறிவியற்பெயர் சூட்டினார். அலகால் இலை விளிம்பைத் துளைத்து, பஞ்சு இழையாலும் சிலந்தி நூலாலும் தைத்துக் கூடமைக்கும் இச்சிட்டு, தையலையே வாழ்வாகக் கொண்ட திருப்பூரின் வேலிகளிலும் வாழ்கிறது. அதன் உடல் நம் கைக்குள் அடங்கும். குரலோ தெருமுனை வரை கேட்கும். கண்ணுக்கு எளிதில் அகப்படாத அதனைக் காட்டிக்கொடுப்பது அக்குரலே.

உயிர்ப்பு நாள் காலையில் மகதலா மரியா ஆண்டவரைக் கண்டும் தோட்டக்காரர் என்றே எண்ணினார். அவர் பெயர்சொல்லி அழைத்த பின்னரே அறிந்துகொண்டார் என்கிறது யோவான் நற்செய்தி. கண் தவறவிட்டதைச் செவி கண்டுகொண்டது.

நம் பனியன் கம்பெனிகளில் உழைக்கப் பிற மாநிலங்களிலிருந்து வந்தோர் அனைவரையும் 'வடக்கத்தியார்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அவர்களுள் ஒடியா பேசுவோர் உண்டு. போஜ்புரி பேசுவோர் உண்டு. ஜார்க்கண்டின் குடுக், முண்டாரி மொழிகளில் செபிக்கும் நம் கத்தோலிக்கச் சகோதர சகோதரிகளும் உண்டு. ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் மௌனமாக நின்று, யாரும் பெயர் கேளாமலே திரும்பிச் செல்வோரும் அவர்களுள் இருக்கலாம். ஒரே பெயருக்குள் மறைந்திருந்த மூன்று குருவிகளை வேறுபடுத்தி அறிய ஒருவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். நம் அருகில் நிற்பவரின் ஊரையும் பெயரையும் கேட்டறிய, திருப்பலி முடிந்தபின் சில நிமிடங்கள் போதும்.