உப்பளத்து டிகிரியும் டெல்லி மீன்தொட்டியும்

டெல்லி கிட்வாய் நகரிலிருந்து பக்கத்துக் கடற்கரைக்கே ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். இங்கே வீட்டுக்குள் கடல்நீர்த் தொட்டி வைத்து ரெண்டு கோமாளி மீன் விடணும் என்று என் பையன் ஒற்றைக்காலில் நிற்கிறான். தங்கமணி சொன்னது ஒன்றுதான்: "வாங்குங்க. ஆனா ஒரு மாசத்துல செத்துப்போய் புள்ளை அழுதா நான் சமாதானம் சொல்ல மாட்டேன்." ஆக, மீனுக்கு முன்னால் அளவுக் கருவிகள். எது முதலில் வாங்குவது என்று தேடப்போனதில் ஒரு சரித்திரமே கிடைத்தது மக்களே.

உப்பு அளக்கும் கருவி நமக்குப் புதிதல்ல. தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் 'டிகிரி' பார்ப்பார்கள். அது 1768-ல் பிரெஞ்சு மருந்தாளர் அந்துவான் போமே வகுத்த அளவுகோல். கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டால், உப்பு ஏற ஏற அது மேலே எழும்பும். கடல் தண்ணீர் சுமார் 3 டிகிரி. 25-ல் உப்பு பூக்கும். 29, 30 வந்தால் மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிடுவார்கள், இல்லாவிட்டால் உப்பு கசக்கும். மீன்தொட்டிக்கு விற்கும் ஹைட்ரோமீட்டரும் இதே குடும்பம்தான். மலிவு. ஆனால் தண்ணீரின் சூடு மாறினால் கணக்கு மாறும், குமிழி ஒட்டினாலும் பொய் சொல்லும்.

அடுத்தது ரிஃப்ராக்டோமீட்டர். ஜெர்மனியின் யேனா நகரில் எர்ன்ஸ்ட் ஆபே 1874-ல் விவரித்த கருவியின் வாரிசு. உப்புநீர் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று பார்க்கும். ரெண்டு சொட்டு போதும்.

சரி, எந்த அளவு 'சரியான கடல்'? சேலஞ்சர் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிச் சேகரித்த தண்ணீரில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் சோதித்து, 1884-ல் முடிவை வெளியிட்டார். உப்பு கூடலாம் குறையலாம், ஆனால் அதிலுள்ள முக்கியப் பொருள்களின் விகிதம் எங்கும் ஏறக்குறைய ஒன்றே. பாக்கெட் உப்பைக் கரைத்து டெல்லியில் கடல் செய்ய முடிகிறது என்றால் அதற்கு இதுதான் அஸ்திவாரம். கிலோவுக்கு 35 கிராம் நம் இலக்கு.

1909-ல் ஒரு பொருத்தம். மெட்ராஸ் மெரினாவில் எட்கர் தர்ஸ்டன் முயற்சியில் மீன்காட்சிசாலை திறந்தது அந்த வருஷம். டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் சோரன்சன் பி.எச். அளவை அறிமுகப்படுத்தியதும் அதே வருஷம். மெரினாக்காரர்களுக்குக் கடல் வாசலிலேயே இருந்தது. நமக்கு அந்த வசதி இல்லை, எண்கள்தான் கடல்.

டெல்லியில் இன்னொரு சிக்கல், மே, ஜூன் மாத லூ காற்று. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கும். 100 லிட்டரில் 10 லிட்டர் போனால் 35 கிட்டத்தட்ட 39 ஆகிவிடும். உப்பளத்தில் வேண்டியது நடக்கிறது, தொட்டியில் வேண்டாதது நடக்கிறது! குறைந்ததை நல்ல தண்ணீரால் நிரப்பவேண்டும், உப்புநீரால் அல்ல.

என் வரிசை இதோ:

1. வெப்பமானி, ரிஃப்ராக்டோமீட்டர். கூடவே 35 அளவுள்ள சோதனைத் திரவம், கருவியையே சரிபார்க்க.
2. அம்மோனியா, நைட்ரைட் சொட்டுச் சோதனைகள். கழிவு அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களை 1890 வாக்கில் பிரித்துக் காட்டியவர் ரஷ்யரான விநோகிராட்ஸ்கி. புதுத் தொட்டியில் அவை பெருக நான்கைந்து வாரமாவது ஆகும். அதுவரை மீன் விடக்கூடாது.
3. ஆர்.ஓ. தண்ணீரைப் பார்க்க டி.டி.எஸ். மீட்டர்.
4. பி.எச். பார்க்கச் சொட்டுச் சோதனை போதும், 8.1 முதல் 8.3 வரை இருந்தால் நிம்மதி. மின்னணு மீட்டரின் முனையை ஈரமாகவே வைத்து, அடிக்கடி திருத்தணும். அது பிறகு.

செல்போனுக்குச் சேதி அனுப்பும் விலை உயர்ந்த கருவிகளும் உண்டு. மீன் செத்தால் சேதி வரும்தான். ஆனால் தினமும் பார்க்கும் கண்ணுக்கு முன்னாடியே தெரிந்துவிடும்.

தொட்டியில் இப்போது உப்புத் தண்ணீரும் கல்லும் மட்டும். பையன் பள்ளிக்கூடம் போகுமுன் அளந்து நோட்டில் எழுதுகிறான். நேற்று அம்மோனியா இறங்க ஆரம்பித்திருக்கிறது, நைட்ரைட் இன்னும் இறங்கவில்லை. ரெண்டும் பூஜ்யமாகி ஒரு வாரம் அப்படியே நின்றால்தான் மீன் கடைக்குப் போவது என்று ஒப்பந்தம்.