எரிந்த கடையை எழுப்பிய ஊர்

கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் காரைதீவையும் நிந்தவூரையும் கடந்து, களியோடைப் பாலத்தையும் தாண்டினால் ஒலுவில் என்னும் ஊர் வரும். கிழக்கே கடல், மேற்கே நெல் விளையும் வட்டை. கடலையும் வயலையும் நம்பி வாழும் இத்தகைய ஊர்களில் கடை என்பது பண்டம் விற்கும் இடமாக மட்டும் என்றும் இருந்ததில்லை. வாங்கில் அமர்ந்து தேநீர் அருந்துபவன் மழையின் நிலையையும் மீனின் விலையையும் அறிந்துகொண்டே எழுந்து செல்வான்.

இலங்கையின் கிராமக் கடை வரலாற்றில் 1942ஆம் ஆண்டு ஒரு பெரிய திருப்பம். அவ்வாண்டு பர்மா யப்பானியர் வசமாயிற்று; அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அரசாங்கம் உணவைப் பங்கிட்டு வழங்க முற்பட்டது. அதற்கென நாடெங்கும் கூட்டுறவுப் பண்டகசாலைகள் தோன்றின. யுத்தம் முடியும் வேளையில் அவற்றின் தொகை ஏறக்குறைய நாலாயிரத்தை எட்டியது. ‘சங்கக்கடை’ என்று மக்கள் பெயரிட்டழைத்தது இதனையே. கூப்பன் புத்தகத்துடன் போடியாரின் வீட்டு வேலையாளும், மீனவனின் மகனும், பாடசாலை ஆசிரியரும் ஒரே வரிசையில் நிற்க நேர்ந்தது. பள்ளிவாசலில் ஒரு மார்க்கத்தார் கூடுவர். வட்டையில் ஒரு தொழிலார் கூடுவர். சங்கக்கடை வாசலில் யாவரும் கூடினர். 1957 முதல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. 1979இல் கூப்பன் முறை போய் உணவு முத்திரை வந்தது. வரிசை கலைந்தது. வரிசையோடு அதன் பேச்சும் கலைந்தது.

வாணிபம் நலிந்த பின் ஒரு பழைய கடையை ஊர் என்ன செய்வது? இந்தக் கேள்வியை இலங்கையினும் முன்னதாக எதிர்கொண்ட நாடு அமெரிக்கா.

அந்நாட்டின் பழைய நாட்டுப்புறக் கடையில் மாவும் உப்பும் மண்ணெண்ணெயும் ஆணியும் சீலையும் ஒரே கூரையின்கீழ் கிடைத்தன. பல ஊர்களில் தபாற்கந்தோரும் அக்கடைக்குள்ளேயே இருந்தது. நடுவே குளிர் காய ஓர் இரும்பு அடுப்பு. அருகே உப்பு பிஸ்கற்று நிறைந்த மரப்பீப்பாய். அதனைச் சுற்றி அமர்ந்து ஊரார் அரசியலையும் அறுவடையையும் அலசினர். நாட்டுப்புறத்தாரின் வெளிப்படையான பேச்சுக்கு அந்தப் பீப்பாயின் பெயரையே அடைமொழியாக்கிக்கொண்டது அமெரிக்க வழக்கு. பிறகு 1896இல் தபாற்காரன் கிராமத்து வீட்டு வாயிலுக்கே கடிதம் கொண்டுசெல்லத் தொடங்கினான். 1913 முதல் பொதிகளும் தபாலிற் சென்றன. பெருநகர நிறுவனங்கள் தடித்த விலைப்பட்டியல்களை அனுப்பிப் பண்டம் விற்றன. மோட்டார் வண்டியும் வந்து சேர, நாட்டுப்புறக் கடைகள் ஒவ்வொன்றாய்ச் சோர்ந்தன.

அவற்றுள் ஒரு கடை உலகப் புகழ் பெற்றது. இல்லினோய் மாநிலத்து நியூ சேலம் என்னும் சிற்றூரில் இளைஞரான ஆபிரகாம் லிங்கன் பங்காளி ஒருவருடன் நடத்திய கடை அது. 1833இல் அவ்வூர்த் தபால் அதிபராகவும் லிங்கன் நியமிக்கப்பட்டார். வாணிபம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. மிஞ்சிய கடனை அடைக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. 1840 அளவில் ஊரே பாழடைந்தது. 1930களில் அரசு அவ்வூரை மீளக் கட்டி, லிங்கனின் கடையையும் நிறுவியது. இன்று சென்றாலும் அதைப் பார்க்கலாம். ஆனால் அங்கே ஒரு கொத்து மா வாங்க முடியாது. அது பார்ப்பதற்குரிய கடை. குறை கூறுவதற்கில்லை, ஊரே போன இடத்தில் வேறென்ன செய்ய இயலும்?

ஊர் உயிரோடிருக்கும் இடத்துக் கதை வேறு. வட கிழக்கே வெர்மொன்ட் மாநிலத்தில் புட்னி என்று ஓர் ஊர். சில ஆயிரம் மக்களே வாழ்வது. ஊர் நடுவில், ஏறக்குறைய இரு நூற்றாண்டுப் பழமை பேசப்பட்ட ஒரு கடை நின்றது. 2008ஆம் ஆண்டு மே மாதம் அதில் தீப் பற்றியது. உரிமையாளரால் திருத்திக் கட்ட இயலவில்லை. அவ்வேளையில் முன்வந்தது புட்னி வரலாற்றுக் கழகம். பழைய கடதாசிகளையும் படங்களையும் பேணுவதைத் தொழிலாகக் கொண்ட ஒரு கழகம் பாலும் பாணும் விற்கும் கடைக்குச் சொந்தமாவது விந்தைதான். ஆயினும் அன்பளிப்பும் மானியமும் திரட்டிக் கட்டடத்தை வாங்கித் திருத்தலாயிற்று.

வேலை நடந்துகொண்டிருக்கையில், 2009ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தொடக்கத்தில் ஓர் இரவு மீண்டும் தீ எழுந்தது. இம்முறை எஞ்சியது ஏதுமில்லை. எவரோ வேண்டுமென்றே மூட்டிய தீ என்று விசாரணையாளர் முடிவு செய்தனர்.

இங்கேதான் அவ்வூர் தன்னைக் காட்டிக்கொண்டது. பேணுவதற்குப் பழஞ்சுவர் இல்லை, பழமரம் இல்லை. புராதனச் சின்னம் என்ற நியாயம் சாம்பலோடு போயிற்று. பண்டத்துக்கும் பஞ்சமில்லை, ஏனெனில் 1941 முதலே புட்னியில் ஒரு கூட்டுறவுக் கடை உண்டு. இலங்கையில் சங்கக்கடைகள் பெருகத் தொடங்கியதற்கு ஓராண்டு முந்தியது அது. அப்படியிருந்தும் ஊரார் மீண்டும் பணம் சேர்த்தனர். பழைய தோற்றத்தைத் தழுவிய புதிய கட்டடம் அதே இடத்தில் எழுந்து, 2011 டிசம்பரில் திறக்கப்பட்டது. அவர்கள் இழந்ததாக உணர்ந்தது மாவையும் சீனியையும் அன்று. காலையில் ஒருவரை ஒருவர் காணும் இடத்தை. பின்னர் கடை நடத்துவோர் மாறினர்; கடை நின்றது.

அதே மாநிலத்தில் பார்னாட் என்ற சிற்றூரில், 1832 முதல் நடந்து வந்த கடை 2012இல் மூடப்பட்டது. ஊரார் ஒரு நம்பிக்கைப் பொறுப்பு அமைத்துக் கட்டடத்தை வாங்கினர். அடுத்த ஆண்டே கதவு திறந்தது. இந்த ஏற்பாட்டின் நுட்பம் எளியது. கட்டடமும் நிலமும் ஊரின் பெயரில். வாணிபம் வாடகைக்கு வரும் கடைக்காரர் கையில். கடைக்காரர் நொடித்தாலும் கூரை விற்பனைக்கு வராது. ஆனால் ஊரார் மலிவைத் தேடித் தூரத்துப் பெருங்கடைக்கே ஓடுவாராயின் எந்த உறுதிப் பத்திரமும் அதைக் காப்பாற்றாது. அன்பளிப்புச் செய்தவரே வாடிக்கையாளராகவும் இருக்கவேண்டியிருக்கிறது.

ஒலுவில் கரையில் காலம் வேறு விதமாகத் தீ வைத்தது. 2004இன் ஆழிப்பேரலை இக்கரையோரத்தை அடித்தது. 2013இல் ஒலுவிலில் துறைமுகம் திறக்கப்பட்டது. அதன் வடபால் கரையைக் கடல் அரித்துத் தென்னந்தோட்டங்களை விழுங்கியது. கரையோரத்தில் பழமை என்று சுட்டிக்காட்டத்தக்கவை சிலவே. அந்தச் சிலவற்றுள் சங்கக்கடைக் கட்டடங்களுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. புட்னியும் பார்னாட்டும் பணம் திரட்டிப் பெற்ற உரிமை இவற்றுக்குப் பிறப்பிலேயே அமைந்தது. அவை தனியொருவரின் சொத்தல்ல. பங்குப்பணம் கட்டிய அங்கத்தவரின் சங்கத்துக்கு உரியவை. ஒரு பகுதியில் அரிசியும் பருப்பும், மறு பகுதியில் ஒரு நீண்ட வாங்கும் நாளிதழ்களும் இருக்க இடம் போதும். அதைச் செய்ய வேண்டுமென்று பொதுக்கூட்டத்தில் எழுந்து பிரேரிக்கும் உரிமை அங்கத்தவர் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது.